வன அதிகாரிக்கு இதுதான் உத்தியோகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

1950-ஆம் ஆண்டில் அன்றைய மத்திய விவசாய மந்திரி கே. எம். முன்ஷி ஆரம்பித்து வைத்த வன மகோத்ஸவம் என்னும் கன்று நடும் விழாவின்மீது எனக்கு விரோதம் எதுவும் இல்லை. ஆனால், ஐ.எப்.எஸ். என்னும் இந்திய வனப் பணிப் பரீட்சையில் தேறி, டேராடூனில் பயிற்சி பெற்று, வருஷக்கணக்கில் காடு மேடெல்லாம் நடந்து வனப் பாதுகாவலர் பதவிக்கு உயர்ந்த ஒருவரை, தோண்டிய குழிக்கும் நட்ட கன்றுக்கும் கணக்கு எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் குமாஸ்தாவாக நம் சர்க்கார் உபயோகிப்பதை நான் வன்மையாக ஆக்ஷேபிக்கிறேன்.

எங்கள் நீலகிரியையே பாருங்கள். சோலைகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் புல்வெளி வெறுந்தரை அன்று. உறைபனி விழும் இரவுகளில் அங்கே சோலை மரக்கன்று நுனி கருகி மடிய, புல் மட்டும் தூரில் உயிரை வைத்திருந்து மழை கண்டதும் துளிர்க்கிறது. இதை அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோ, அந்நிலத்தில் சீகையையும் கற்பூர மரத்தையும் நிரப்பியதன் விளைவாக, அந்நிய மரங்களை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. அவற்றை நட்டதும் வன இலாகாதானே என்று சிலர் கேட்கக்கூடும். வாஸ்தவம். தோல் பதனிடுவதற்குப் பட்டையும் ஆலைகளுக்கு மரக்கூழும் வேண்டும் என்று மேலிடம் விரும்பியபோது, 'இந்த நிலத்தில் மரம் கூடாது' என்று சொல்லும் அதிகாரம் காட்டை அறிந்தவருக்கு இருந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். நடுவதற்கு ஆள் வேண்டிய மட்டும் கிடைப்பார்கள். நட வேண்டாம் என்று காரணத்தோடு மறுப்பதற்குத்தான் சாஸ்திர ஞானமும் அனுபவமும் வேண்டும்.

அந்த அனுபவமோ ஓரிடத்தில் நிலைத்தாலன்றி வாய்ப்பதில்லை. ஆனைமலையில் தேக்குக் காடு அழிந்துகொண்டிருந்த காலத்தில், மரத்தை வேரோடு பறிக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டி மறுதாம்பு விடச் செய்தும், புதிதாக விதைத்தும் அதை மீட்ட ஹ்யூகோ உட் என்னும் ஆங்கிலேய அதிகாரி, பல வருஷம் அந்த மலையிலேயே வாழ்ந்தவர். 1933-இல் காலமான அவருடைய சமாதியும் டாப்சிலிப்புக்கு அருகே அந்தத் தேக்குகளின் நடுவில்தான் இருக்கிறது. இன்றைய நிலைமை என்ன? ஒரு வனக் கோட்டத்தின் செயல்திட்டம், அதாவது இலாகாவில் 'ஒர்க்கிங் பிளான்' என்று வழங்குவது, சாதாரணமாகப் பத்து வருஷத்துக்கு வகுக்கப்படுகிறது. அதை நடத்த வேண்டிய அதிகாரிக்கோ 2014-ஆம் ஆண்டு விதிப்படி உத்தரவாதமான பதவிக்காலம் இரண்டே வருஷம். மார்பளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து, வளர்ச்சியைக் கணித்து அந்தத் திட்டத்தை எழுதும் பணியே வனத்துறையின் மூளையாக இருக்க, அதற்கு மாற்றப்படுவதைத் தண்டனை என்றே உத்தியோக வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள்!

ஆகையால், செயல்திட்டம் எழுதும் பதவிக்குத் தேர்ந்த மூத்த அதிகாரிகளையே நியமிக்கவும், எழுதியவரை அதே கோட்டத்தில் ஐந்து வருஷமாவது இருத்தவும், அவருடைய எழுத்து மூலமான சம்மதமின்றி எந்த மலைப் புல்வெளியிலும் கன்று நடும் விழா நடத்தாதிருக்கவும் சர்க்கார் உடனே உத்தரவிட வேண்டுமென்று தங்கள் பத்திரிகையின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நீலகிரி வாசகன்