பெற்றோருக்குப் பின் பாதுகாவலர் யார்?

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால், பெற்ற தாயும் தந்தையும்கூடச் சட்டத்தின் கண்ணில் தாமாகப் பாதுகாவலர் ஆவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தின் உள்ளூர்க் குழு ஆணை பிறப்பிக்க வேண்டும். தமக்கு நம்பிக்கையான ஒருவரின் பெயரைச் சொல்லிப் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைத் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பராமரிக்காமல் விட்டாலோ சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கக் கோரலாம். ‘நான் பார்த்துக்கறேன்’ என்று தாய்மாமன் தரும் வாக்கில் கணக்குக் கேட்க வழியில்லை. வீட்டை மூத்தவன் பெயருக்கு எழுதிவைத்து, தம்பியைக் கைவிட்டுவிடாதே என்று சொல்லிப்போவதும் அப்படித்தான். 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி பிள்ளையின் நலனுக்கென்றே சொத்தை ஒதுக்கலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது.

சொத்தே இல்லாத குடும்பத்துக்கு என்ன வழி? பனியன் தொழிலை நம்பி வாழும் திருப்பூரில் இதுவே பெரிய கேள்வி. வருங்கால வைப்பு நிதியோடு (பி.எஃப்.) இணைந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. ஒரு மாதச் சந்தா கட்டிய தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்தாலும் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு. நிரந்தரமாக, முற்றிலும் செயலிழந்த பிள்ளைக்கு வயது வரம்பே கிடையாது. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்குக் குறைந்தபட்சத் தொகை மாதம் 750 ரூபாய். தமிழக அரசு கடும் பாதிப்புள்ளோருக்குத் தரும் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். இரண்டையும் கூட்டினாலும் ஓர் ஆளின் சோற்றுக்கும் மருந்துக்கும் காணாது. ஆனாலும் யார் தயவையும் நம்பாமல் சாகும்வரை வரும் பணம் அது.

பனியன் கம்பெனிகளில் காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லரின் பிள்ளைக்கு அந்த ஓய்வூதியமும் கிட்டுவதில்லை, பி.எஃப். பதிவில் பெயர் இல்லாவிட்டால். சனிக்கிழமைக் கூலி குறையும் என்று தொழிலாளரே ‘பிடித்தம் வேண்டாம்’ என்பதும் உண்டு. அதைக் காரணம் காட்டி முதலாளி ஒதுங்க முடியாது. 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் சந்தா கட்டவைப்பது பிரதான நிறுவனத்தின் கடமை. ஏற்றுமதி ஆர்டருக்காக வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தொழிலாளர் நலச் சான்றுகளை அடுக்கிக் காட்டும் நிறுவனங்கள், தம் காண்ட்ராக்டரின் பி.எஃப். செலானையும் மாதந்தோறும் கேட்டு வாங்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் வேலை இருக்கிறது. பாதுகாவலர் ஆணைக்காக வேலைநாளில் பல்லடம் சாலையிலுள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் ஒரு ஷிப்ட் கூலி போய்விடும். பிள்ளையைத் தனியே விட்டும் போக முடியாது. சட்டம் சொல்லும் உள்ளூர்க் குழுவில் ஆட்சியர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூன்றே பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவினாசியிலோ ஊத்துக்குளியிலோ காங்கேயத்திலோ கூடி, விண்ணப்பங்களை அங்கேயே விசாரிப்பது அவர்களுக்கு இயலாத காரியம் அல்ல.