சுறா சம்பாதிக்கும் பணம் யாருக்கு?

ஒரு சுறா என்ன விலை? மீன் மார்க்கெட்டில் கேட்டால் கிலோ கணக்கில் சொல்வார்கள். சுறாப்புட்டு பிரியர்களுக்கு அது போதும். பலாவ் என்கிற குட்டி நாட்டில் கேட்டால் 19 லட்சம் டாலர் என்கிறார்கள். ஒரே ஒரு சுறாவுக்கு. அதுவும் உயிரோடு நீந்திக்கொண்டு இருந்தால் மட்டும்!

பலாவ் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. அட்லஸில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில். தீவுகள் முந்நூறுக்கு மேல், ஆனால் ஜனங்கள் இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில். மொத்த ஜனத்தொகை சுமார் 18,000. இங்கே ஒரு பேரூராட்சியில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். 1994-ல் சுதந்திரம் கிடைத்தது. புழங்குவது அமெரிக்க டாலர். பெரிய தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இருப்பது கடல். அந்தக் கடலுக்குள் தலைகீழாகக் குதிக்கத்தான் இரண்டு மூன்று விமானம் மாறி உலகத்தின் அந்த மூலைக்குப் போகிறார்கள், ஸ்கூபா டைவிங் பைத்தியங்கள்.

அங்கே ப்ளூ கார்னர் என்று ஓர் இடம். கடலுக்கடியில் ஒரு பாறை மேடை, அதன் ஓரத்தில் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும் பள்ளம். நீரோட்டம் வந்து மோதும் வேகத்தில் ஆள் நிற்க முடியாது. அதனால் டைவிங் போகிறவர்கள் கயிற்றில் கட்டிய ஒரு கொக்கியைச் செத்துப்போன பாறையில் மாட்டிவிட்டு, ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்றை ஏற்றிக்கொண்டு, பட்டம் மாதிரி மிதக்கிறார்கள். எதிரே சாம்பல் நிறச் சுறாக்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். மனுஷனைக் கண்டுகொள்வதே இல்லை. இந்தக் காட்சிக்குத்தான் இவ்வளவு காசு.

சரி, 19 லட்சம் எப்படி வந்தது? ஆஸ்திரேலிய கடல் அறிவியல் நிறுவனம் செய்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு. சுறா பார்க்க வரும் டைவிங்காரர்களால் பலாவுக்கு வருஷத்துக்குச் சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர் வருமானம். அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதம். முக்கியமான டைவிங் இடங்களில் சுற்றும் சுறாக்கள் சுமார் நூறு. வகுத்தால் ஒரு சுறாவுக்கு வருஷத்துக்கு 1,79,000 டாலர். அதன் ஆயுளுக்குக் கணக்குப் போட்டால் 19 லட்சம். அதே சுறாவைப் பிடித்து விற்றால்? 108 டாலர்.

மாலத்தீவில் 1993-லேயே இதே மாதிரி ஒரு கணக்குப் போட்டார்கள். நல்ல டைவிங் இடத்தில் ஒரு சுறா வருஷத்துக்கு 3,300 டாலர் சம்பாதிக்கிறது, பிடித்து விற்றால் ஒரே தடவை 32 டாலர். அப்படியும் சுறா பிடிப்பதற்கு அங்கே முழுத் தடை வர 2010 ஆனது. கணக்கு சொன்னவுடனே உலகம் திருந்திவிடாது என்பதற்கு இது ஒரு சாட்சி. பலாவ் கொஞ்சம் முந்திக்கொண்டது. 2009-ல் தன் கடல் முழுவதையும் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்தது. உலகத்திலேயே முதல் நாடு.

இந்த 19 லட்சத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் பி.காம். முதல் வருஷம் பாஸ் பண்ணிய யாருக்கும் இதில் ஒரு உறுத்தல் வரவேண்டும். இது சராசரி. மொத்த வருமானத்தைச் சுறாத் தலைக்கு வகுத்தது. நூற்றி ஒன்றாவது சுறா பிறந்தால் பலாவுக்கு இன்னொரு 19 லட்சம் வந்துவிடுமா? வராது. ஒரு சுறா செத்தால் மறுநாளே அவ்வளவு நஷ்டமா? அதுவும் இல்லை. தொண்ணூறாகக் குறைந்தாலும் டைவிங்காரர்கள் வருவார்கள், கொக்கி மாட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். ஆனால் ஏதோ ஒரு எண்ணிக்கையில், அது இருபதோ முப்பதோ, “அங்கே இப்பல்லாம் சுறாவே இல்லப்பா” என்று பேச்சு கிளம்பும். அன்றைக்கு மொத்தக் கடையும் மூடவேண்டியதுதான். சாம்பல் சுறா ஒரு தடவைக்கு ஒன்றிலிருந்து ஆறு குட்டிதான் போடும். இன்றைக்கு ஆர்டர் கொடுத்து நாளைக்கு ஸ்டாக் நிரப்ப முடியாது.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது, யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த 1 கோடியே 80 லட்சத்தில் உள்ளூர் ஜனங்களுக்குச் சம்பளமாகப் போனது எவ்வளவு? சுமார் 12 லட்சம் டாலர். அரசாங்கத்துக்கு வரியாகச் சுமார் 15 லட்சம். இரண்டையும் கூட்டினாலும் ஆறில் ஒரு பங்கு தேறவில்லை. சுறா நன்றாகத்தான் சம்பாதிக்கிறது. சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் வேறு.

டைவிங்காரர் கொடுக்கும் பணம் எங்கெங்கே போகிறது என்று பாருங்களேன். விமான டிக்கெட், வெளிநாட்டுக் கம்பெனிக்கு. பேக்கேஜ் விற்ற ஏஜெண்ட் டோக்கியோவிலோ தைபேயிலோ சியோலிலோ இருப்பார். படகுக்கு டீசல், தட்டில் வைக்கும் அரிசி, சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் இறக்குமதி. வேலை செய்கிறவர்களில் கணிசமானவர்கள் பிழைப்புக்காக வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள். (அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளைகுடாவுக்குப் போன சொந்தக்காரர் இருக்கும் எந்த வீட்டுக்கும் அந்தக் கதை தெரியும்.) டைவிங் வழிகாட்டித் தொழில் உள்நாட்டவருக்கே என்று பலாவில் சட்டம் உண்டு. ஆனால் பேருக்கு ஒரு உள்ளூர்க்காரரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து வெளிநாட்டு முதலாளி நடத்துவதும் உண்டு. பினாமி என்கிற வார்த்தைக்குத் தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லை!

டைவிங் சுற்றுலா கடலைக் காப்பாற்றுகிறது என்று சொல்வது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பணம் அந்தத் தீவு ஜனங்கள் கையில் சேரும் அளவுக்குத்தான் அது காப்பாற்றும். படகில் போய் வலை வீசினால் இன்றைக்குச் சாப்பாடு என்று இருக்கும் ஒருவரிடம், “வீசாதே, அந்தச் சுறா 19 லட்சம் பெறும்” என்றால் அவர் கேட்பார்: “யாருக்கு?”

இந்த இடத்தில்தான் 100 டாலர் விவகாரம் வருகிறது. 2018-லிருந்து பலாவுக்குப் போகும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியின் டிக்கெட்டிலும் சுற்றுச்சூழல் கட்டணம் என்று 100 டாலர் சேர்த்துப் பிடிக்கிறார்கள். அது போதாதென்று கொரோர் மாநிலத்துக்காரர்கள் அவர்கள் தீவுகளுக்குள் நுழைய 50 டாலர் தனியாக வாங்குகிறார்கள். ஜெல்லிமீன் ஏரியும் பார்க்கவேண்டும் என்றால் 100. பகல் கொள்ளை என்று புலம்பாத டைவிங்காரர் இல்லை.

கொள்ளையா? முழு பேக்கேஜிலும் நேர்மையான செலவு அது ஒன்றுதான். அந்த 100-ல் 30 டாலர் பாதுகாக்கப்பட்ட பகுதிகளைப் பராமரிக்கப் போகிறது. மாநிலங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஏஜெண்ட் கமிஷன் கிடையாது, இறக்குமதி கிடையாது, பினாமி கிடையாது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து வருகிறவர் இந்த 100-க்கு மட்டும் முகம் சுளிப்பது, கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்துவிட்டு ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி. இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் தப்பில்லை.

பணக்காரர்கள் மட்டும்தான் கடல் பார்க்கவேண்டுமா, இது என்ன நியாயம் என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் 2015-ல் இருக்கிறது. அந்த வருஷம் பலாவுக்கு வந்தவர்கள் 1,60,000-க்கும் மேல், ஜனத்தொகையைப் போல ஒன்பது மடங்கு. பாதிக்கு மேல் சீனாவிலிருந்து மலிவு பேக்கேஜில் வந்தவர்கள். குப்பை, தண்ணீர், கூட்டம் என்று சின்ன ஊர் திணறிப்போனது. அப்போதைய அதிபர் டாமி ரெமெங்கேசாவ் சீனாவிலிருந்து வரும் சார்ட்டர் விமானங்களைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். வருகிற வருமானத்தை வேண்டாம் என்று சொல்கிற அரசாங்கம் எத்தனை உண்டு? இரண்டு வருஷம் கழித்து, 2017-ல், தைவானோடு பலாவ் உறவு வைத்திருக்கிறது என்பதற்காகச் சீனாவே தன் ஆட்களைக் குழுவாக அனுப்புவதை நிறுத்தியது. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தினால் என்ன ஆகும் என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

மாலத்தீவின் வழி வேறு. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். ஜனங்கள் ஒரு தீவில், வெள்ளைக்காரர்கள் இன்னொரு தீவில். 2009-க்குப் பிறகுதான் ஊர்த் தீவுகளில் சாதாரண ஜனங்கள் விருந்தினர் விடுதி நடத்த வழி பிறந்தது. அதுவரை சொந்தக் கடலின் வியாபாரத்தை ஜனங்கள் தூரத்திலிருந்துதான் பார்த்தார்கள்.

இவ்வளவும் செய்தும் பலாவின் கையில் இல்லாத ஒன்று உண்டு: கடலின் சூடு. 1998-ல் கடல் சூடேறி அங்கே பவளத்தில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. 2016-ல் வறட்சி வந்து ஜெல்லிமீன் ஏரியில் லட்சக்கணக்கில் மிதந்த ஜெல்லிமீன்கள் அநேகமாகக் காணாமலே போய், திரும்பித் தலைகாட்ட இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறார்கள், பவளப்பாறைக்கு எந்த ரிசார்ட்டின் பாலன்ஸ் ஷீட்டிலும் தேய்மானம் கிடையாது. அதைப் பார்க்கப் பறந்துவருகிற விமானத்தின் புகையும் அந்தச் சூட்டில் சேர்த்திதான் என்பது இன்னொரு தலைவலி.

2020 ஜனவரி 1 அன்று பலாவ் இன்னும் பெரிய பந்தயம் கட்டியது. தன் கடல் பரப்பில் 80 சதவீதத்தில் மீன்பிடிப்புக்குத் தடை. சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட நாலு தமிழ்நாடு. வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள் கட்டும் லைசென்ஸ் பணம் குறைந்தாலும் சுற்றுலாப் பணம் ஈடு செய்யும் என்பது கணக்கு. மூன்றே மாதத்தில் கொரோனா வந்து விமானமே நின்றது. அங்கும் குறைவு, இங்கும் பூஜ்யம். அடுத்து வந்த அதிபர் சுராங்கல் விப்ஸ் அந்த 80 சதவீதத்தைத் திரும்ப யோசிக்கவேண்டும் என்று சொன்னபோது வெளிநாட்டுச் சூழல் ஆர்வலர்களுக்கு வருத்தம். சம்பளம் கொடுக்கவேண்டியவர் அவர், வருத்தப்படுகிறவர்கள் இல்லை.

ஆகவே பலாவோ வேறு தீவோ, சிலிண்டர் மாட்டப் போகிறவர்கள் டைவிங் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை சுறா காட்டுவீர்கள் என்று மட்டும் கேட்காமல், கடை யாருடையது, வழிகாட்டி எந்த ஊர்க்காரர் என்றும் கேட்கலாம். பத்து டாலர் கூடுதலாக இருந்தால் இருக்கட்டும்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது, அது நைட்ரஜன் புண்ணியத்தில். ஆழத்தில் மூச்சுவிடும்போது உடம்பில் கரையும் நைட்ரஜன் முழுக்க வெளியேறாமல் விமானம் ஏறினால் ஆபத்து. அதனால் பல முறை டைவிங் செய்தவர்கள் கடைசி முறைக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் தரையிலேயே இருந்தாக வேண்டும். கடலுக்காகவே வந்தவர்கள் வேறு வழியில்லாமல் கொரோர் கடைத்தெருவில் சுற்றுவது அன்றைக்குத்தான். அங்கே பழங்கதைகளை மரப்பலகையில் செதுக்கி விற்கிறார்கள். அதில் பேர்போனவை கொரோர் சிறைச்சாலையில் கைதிகள் செதுக்குகிறவை. சிறைக்கே போய் வாங்கலாம். மீனும் படகும் மனுஷர்களுமாக இருக்கும் அந்தப் பலகைகளில் இறக்குமதி என்று சொல்ல ஒன்றுமில்லை, செதுக்கியவர் எதிரிலேயே இருப்பார்.