காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. பழம் விழுந்தது காம்பு முற்றியதால். பழி சேர்ந்ததோ காக்கைக்கு. ஏட்டிலே இதைப் படித்துத் தலையாட்டும் நாம், வாழ்விலே காக்கையைத்தான் விரட்டிக்கொண்டிருக்கிறோம். ஐயமிருந்தால், பாகம் ஒன்று மாற்றியபின் ஓட மறுக்கும் கணிப்பொறியின் முன்னே நான்கு பேரை நிறுத்திப் பாருங்கள்.

என் அண்ணன் வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ் வடிவமைத்துப் பிழைப்பவர். அவருடைய கணிப்பொறி முழுதாக வாங்கியதன்று. 2013-ஆம் ஆண்டில் சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களாக வாங்கிவந்து அவரே பூட்டியது. சென்ற மழைக்காலத்தில் அதன் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது மற்றப் பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் வழங்கும் பெட்டி, கருகிய வாடையோடு நின்றுபோயிற்று. புதியது வந்துசேர மூன்று நாளாயிற்று. பூட்டினோம். விசிறி சுழன்றது, திரை ஒளிர்ந்தது. விண்டோஸ் எழும் வேளையில் நீலத்திரை தோன்றி, வட்டை அணுக முடியவில்லை என்றது. தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடியும் அதே நீலத்திரை.

உடனே தீர்ப்புகள் குவிந்தன. புதிய பெட்டி மின்சாரத்தை மிகுதியாக விட்டு ஹார்ட் டிஸ்க்கை அடித்துவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பழுது பார்க்க வந்தவரோ, “டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம் தம்பி. அப்படியும் வரலேன்னா போர்டை மாத்திட வேண்டியதுதான்” என்றார். “செவ்வாக்கிழமை அதுல கை வைக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்” என்றாள் பாட்டி. மூவரும் சொன்னது ஒன்றேதான்: பெட்டியை மாற்றினோம், கெட்டது, ஆகவே மாற்றியதால் கெட்டது. பாட்டியின் தீர்ப்பில் செலவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. ஆனால் முன்பணம் வாங்கிய பதினொரு அழைப்பிதழ்கள் அந்த வட்டில் இருந்தன. ஃபார்மட் செய்திருந்தால் அவை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரை விசாரிக்க வேண்டாமா? முதலில் பெட்டியை விசாரித்தேன். 12 வோல்ட் கம்பியில் ஐந்து விழுக்காடு ஏற்றத்தாழ்வு இருக்கலாம், 11.4 முதல் 12.6 வரை பிழையில்லை. மல்டிமீட்டர் 12.1 காட்டியது. 5 வோல்ட் கம்பியும் ஒழுங்கே. பெட்டி நிரபராதி. அடுத்து, வட்டைக் கழற்றி நண்பன் ஒருவனின் கணிப்பொறியில் இரண்டாம் வட்டாக இணைத்தேன். பதினொரு அழைப்பிதழ்களும் மணமகன் மணமகள் பெயரோடு அப்படியே திறந்தன. வட்டும் நிரபராதி. இந்த இரண்டு சோதனைக்கும் ஒரு மாலைப் பொழுது போதுமானதாயிருந்தது.

அப்படியானால் குற்றவாளி யார்? பொறி எழும்போதே கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வரி சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. போர்டில் பதிந்திருந்த அமைப்புகள் கெட்டுவிட்டன, தொடர எஃப்1 விசையைத் தட்டுக என்று. எல்லோரும் தட்டினார்கள், ஒருவரும் படிக்கவில்லை! உள்ளே போய்த் தேதியைப் பார்த்தால் 2012 ஜனவரி 1.

மதர்போர்டில் காசு வடிவிலான பேட்டரி ஒன்று உண்டு. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். புதிதில் 3 வோல்ட். மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓடவைப்பதும், பல போர்டுகளில் அமைப்புகளை நினைவில் நிறுத்துவதும் இதன் வேலை. 1984-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. தொட்டு இந்த ஏற்பாடு இருந்து வருகிறது. அண்ணனின் பேட்டரியை அளந்தேன்: 2.2 வோல்ட். அது கெட்டது அன்றல்ல, என்றோ! ஆனால் அண்ணன் சுவர் சுவிட்சை அணைக்கும் வழக்கமில்லாதவர். கணிப்பொறி உறங்கும்போதும் பழைய எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட்டைச் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டே இருந்ததால் பேட்டரியின் மரணம் வெளியே தெரியவில்லை. பெட்டி கழன்று கிடந்த மூன்று நாளில் போர்டு தன் நினைவை இழந்தது. வட்டோடு பேசும் முறை ஏ.ஹெச்.சி.ஐ. என்று இருந்தது, ஆலை அமைப்பான ஐ.டி.இ.க்குத் திரும்பிவிட்டது. விண்டோஸ் பழைய முறையிலேயே கதவைத் தட்டிப் பார்த்து, திறக்காததால் நீலத்திரை காட்டியது. கைக்கடிகாரக் கடையில் நாற்பது ரூபாய்க்குப் புதிய பேட்டரி. அமைப்பில் ஒரேயொரு மாற்றம். அழைப்பிதழ்கள் குறித்த நாளில் அச்சுக்குப் போயின.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பது என்ன? வரவேண்டிய விடையை வரவழைப்பது. கால்வனோமீட்டர் முள் அசையாவிட்டால் ஆய்வக உதவியாளர் வருகிறார், கம்பியைத் திருகுகிறார், போகிறார். நாம் அளவை எழுதிக்கொள்கிறோம். ஏன் அசையவில்லை என்பதற்கு ரெக்கார்டு நோட்டில் இடமே இல்லை. மதிப்பெண்ணும் இல்லை. ஓடும் பொறியைக் காட்டி ஓடும் விதத்தைச் சொல்லித் தந்தால், நின்ற பொறியின் முன் பட்டதாரியும் செவ்வாய்க்கிழமையைத்தான் பழிப்பான்.

இஃது அறிவியல் மாணவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தானே எழுதியவரின் பிழை எது, புலவரின் சொல் எது என்று பிரித்தார்? நல்லதென்று தெரிந்த ஒன்றோடு ஐயத்துக்குரியதை வைத்துப் பார்ப்பது அங்கும் இங்கும் ஒரே வேலைதான்.

ஆகவே என் கோரிக்கை இது. பருவத்துக்கு ஒரு செய்முறை வகுப்பில், ஆசிரியர் ஒரு கணிப்பொறியில் தாமே ஒரு பழுதை வைத்துத் தரட்டும். ஒரு வடத்தைத் தளர்த்தலாம், நினைவகப் பலகையைப் பாதி செருகி வைக்கலாம், பேட்டரியைக் கழற்றலாம். பழுது நீங்கியதா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். எதை ஐயுற்றான், எந்தச் சோதனையால் விடுவித்தான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினானா என்று எழுதியதற்குக் கொடுக்கட்டும்.

அரசுப் பொருள், உடைந்தால் யார் பொறுப்பு என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் கவலை அவர்க்குத்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எவரும் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். மற்றபடி அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. புதிய பொறிகளையும் நாங்கள் கேட்கவில்லை. மாடிப்படிக்கு அடியில், ஓடாதவை என்று ஒதுக்கிய நான்கு கணிப்பொறிகள் ஏலத்துக்குக் காத்துக் கிடக்கின்றன. ஏலத்துக்கு முன் ஒரு மாதம், ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில், அவற்றை எங்களிடம் தரட்டும். ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும் நாங்களே கொண்டுவருகிறோம்.