மேடை உண்டு, வகுப்பு இல்லை

பவானி வட்டாரத்தில் கோயில் திருவிழாவுக்குப் பூச்சாட்டிவிட்டால், ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் செலவுக் கணக்கில் ஆட்டக் குழுவுக்கும் ஒரு தொகை இருக்கும். அந்தக் குழுவில் திருநங்கை ஒருவர் கரகம் ஏந்தி வந்தால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. அதே ஊரில் வார இறுதி மாலைகளில் பரதநாட்டியமோ சினிமா நடனமோ சொல்லித்தரும் வகுப்புகளில் திருநங்கை ஒருவரை மாணவியாகப் பார்ப்பது அரிது, ஆசிரியராகப் பார்ப்பது அதனினும் அரிது. நடனத் துறையில் திருநருக்கு இழைக்கப்படும் பாகுபாடு பற்றிப் பேச்சு வந்தால், மேடையில் அவர்களுக்கு இடம் கிடைக்கிறதே என்று பலரும் பதில் சொல்கிறார்கள். கிடைக்கிறதுதான். ஆனால் கதவு அடைபடும் இடம் அதற்கு வெகு முன்னால், சலங்கை கட்டிக் கற்கத் தொடங்கும் கூடத்தில் இருக்கிறது.

இந்தக் கதவு ஏன் இவ்வளவு முக்கியம்? பெரும்பாலான நடனக் கலைஞர்களுக்கு மேடை சோறு போடுவதில்லை. சொல்லிக் கொடுப்பதுதான் போடுகிறது. மாதக் கட்டணம் தரும் இருபது பிள்ளைகள் இருந்தால் ஆண்டு முழுக்க அடுப்பெரியும். திருவிழா ஆட்டமோ சில மாதங்களோடு முடிந்துவிடும். கூலியும் பேரத்தில்தான் வரும். முறையாகக் கற்றவருக்கு மட்டுமே மற்றவருக்குக் கற்பிக்கும் தகுதி உண்டென்று சமூகம் எதிர்பார்க்கிறது. ஆகவே கற்க விடாமல் தடுப்பது பிழைப்பைத் தடுப்பதாகவும் ஆகிறது. பள்ளிப் படிப்பிலும் இதே தடைதான்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியத் திருநரின் எழுத்தறிவு 56 விழுக்காடுதான்; நாட்டின் சராசரியோ 70-ஐத் தாண்டியிருந்தது. உடலும் நடையும் மாறும் பதின்ம வயதில் பள்ளியில் கேலி தொடங்குகிறது. நடன வகுப்பிலும் அதே வயதில்தான் “பையன் மாதிரி ஆடு” என்ற திருத்தம் வருகிறது. ஆண்டு விழாவில் அதே பையன் வள்ளியாக வேடம் கட்டினால் கைத்தட்டல், வேடம் கலைந்த பிறகு நளினம் மிச்சமிருந்தால் நையாண்டி.

பரதநாட்டியக் கலைஞரான திருநங்கை நர்த்தகி நடராஜ் இருக்கிறாரே என்பார்கள். மதுரையில் பிறந்த அவர், பரதநாட்டிய முன்னோடிகளான தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் குருகுலமாகத் தங்கிக் கற்றார். 2011-க்கான சங்கீத நாடக அகாதெமி விருதும் 2019-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 2021-இல் தமிழக அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இந்த வரலாற்றை அவருடைய மன உறுதிக்குச் சான்றாக மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஒரு குரு வாசலைத் திறந்தார் என்ற பாதி அதில் விடுபட்டுப் போகிறது. அந்த வாசல் திறக்கவில்லையென்றால் அதே திறமை எங்கே போயிருக்கும்? கொங்கு மண்ணில் எத்தனை பேருக்கு அப்படியொரு குரு வாய்த்தார்? திருநர் நடனக் கலைஞர் என்றதும் இன்றும் நம் நினைவுக்கு வருவது அந்த ஒரு பெயர்தான் என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

மரபு கெடும் என்போருக்குக் கிட்டப்பா பிள்ளையே பதில். மரபை அவரைவிட அறிந்தவர் யார்? நம் பகுதியிலேயே இன்னொரு பதிலும் உண்டு. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன். அதற்காகவும் போற்றப்பட்டு 2024-இல் அவர் பத்மஸ்ரீ பெற்றார். இன்று பெண்கள் வரிசை இல்லாத வள்ளி கும்மி அரங்கேற்றத்தைக் கொங்கு நாட்டில் நினைத்துப் பார்க்க முடியுமா? கலை அழிந்துவிடவில்லை, ஊருக்கு ஊர் பெருகியிருக்கிறது. அதே 2024-இல் கேரளக் கலாமண்டலமும் பெண்களுக்கே உரியதாக வைத்திருந்த மோகினியாட்ட வகுப்பை ஆண்களுக்குத் திறந்துவிட்டது. திருநங்கை வந்தால் ஆண் வரிசையா பெண் வரிசையா என்று குழம்ப வேண்டியதில்லை. அவரையே கேட்டால் சொல்வார். (ஆண்பாதி பெண்பாதியாக நிற்கும் திருச்செங்கோட்டு மாதொருபாகனைக் காட்டி இந்த விவாதத்தை முடித்துவிடுவோரும் உண்டு. அந்த மலைக்குப் படியேறிக் கும்பிட்டுவிட்டு வந்து வகுப்பில் இடமில்லை என்று சொல்வது இத்தனை காலமும் நடந்துதானே வந்திருக்கிறது? அந்தச் சான்றில் எனக்கு நம்பிக்கை இல்லை.)

பெற்றோரின் அச்சம் இப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. மகளை அனுப்பும் இடம் பாதுகாப்பானதா என்று தாய் கேட்பது நியாயம். ஆனால் அந்தக் கேள்வியைத் திருநரிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. 2023-இல் சென்னை கலாக்ஷேத்ரா மாணவியர் பாலியல் தொல்லைக்கு எதிராகப் போராடியபோது குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆண்கள்; உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். பெரும் பெயரும் பழமையும் அங்கே காப்பாக அமையவில்லை. புகார் சொல்ல வழி, பெற்றோர் பார்வைக்குத் திறந்திருக்கும் கூடம், தாழிட்டு உடைமாற்றத் தனி அறை ஆகியவைதான் காப்பு. இவை எல்லாருக்கும் வேண்டியவை. உடைமாற்ற இடமில்லாததால் திருநங்கையைச் சேர்க்க முடியாது என்று சொல்லும் கூடத்தில் மற்றப் பிள்ளைகளும் மறைவில்லாமல்தான் உடை மாற்றுகிறார்கள் என்று பொருள்.

என் வீட்டில், என் வகுப்பில் யாரைச் சேர்ப்பது என்பது என் விருப்பம் என்று சில ஆசிரியர்கள் சொல்லலாம். குரு தன் சீடரைத் தேர்வு செய்யும் உரிமையை நான் மறுக்கவில்லை. தாளம் நிற்காதவரையும் பயிற்சிக்கு வராதவரையும் வேண்டாம் என்று சொல்லட்டும். ஆனால் தெருவில் பலகை வைத்து, கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்பு ஒரு பொதுச் சேவை. பொதுமக்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சேவையைத் திருநருக்கு மறுக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தின் பலவீனமும் இங்கேதான்: அந்தப் பிரிவை மீறியதற்கென்று தனித் தண்டனை அதில் இல்லை. வேலை இழந்த திருநங்கை ஆசிரியர் ஒருவருக்கு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு அளிக்கச் சொன்னது. அதற்கு அவர் டெல்லிவரை வழக்காட வேண்டியிருந்தது. மாதம் சில நூறு ரூபாய் கட்டணத்துக்கான வகுப்பில் இடம் கேட்டு யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

அதனால் அரசு தன் கூடத்திலிருந்து தொடங்குவதே சரி. 2008-இல் நாட்டிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. பரதநாட்டியத்தில் மூன்றாண்டுச் சான்றிதழ் தரும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் ஒன்று ஈரோட்டில் இருக்கிறது. பவானியிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். திருநங்கையரும் திருநம்பியரும் விண்ணப்பிக்கலாம் என்பதை அதன் அடுத்த சேர்க்கை அறிவிப்பில் கலை பண்பாட்டுத் துறை முதல் வரியாகவே அச்சிட்டு, நல வாரியம் வழியாக அவர்கள் கைக்கு அது போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். பவானியிலும் அந்தியூரிலும் கோபியிலும் வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் பலகையில் அந்த வரியை இந்த வாரமே எழுதிவிடலாம்.