புளியமரத்தில் நான்கு ஆணிகள்



எங்கள் ஊர்ப் பூங்காவின் பழைய புளியமரத்தை வாசகர்கள் பலர் அறிவார்கள். போன ஞாயிறு காலை நடக்கப் போனபோது, பத்துப் பதினைந்து பிள்ளைகள் செல்போனும் கையுமாக அதைச் சுற்றி வந்தார்கள். 'ஜியோகேச்சிங்' என்றார்கள். ஜி.பி.எஸ். காட்டும் இடத்தில் ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டு. 2000-இல் அமெரிக்காவில் தொடங்கியது. விளையாடட்டும், பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. பெட்டி இருந்த இடத்தைப் பார்த்ததும்தான் வயிறு எரிந்தது.

மரப்பொந்தின் வாயைக் கடப்பாரையால் இடித்து அகலமாக்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரு தகர டப்பா. அது விழாமலிருக்க நான்கு ஆணிகள், பாதி வெளியே நீட்டிக்கொண்டு. பட்டை பெயர்ந்த இடத்தில் ஈரம் கசிந்து எறும்பு மொய்க்கிறது.

முப்பத்தோரு வருஷம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். தோலில் சின்ன ஓட்டை இருந்தாலும் செலக்‌ஷனில் தனியே தள்ளிவிடுவோம். மரத்துக்குப் பட்டைதான் தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட மண் இது. பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உணவு ஓடுகிறது, சுற்றிலும் அது அறுந்தால் மரம் பட்டுப்போகும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம்.

கேட்டால், "அனுமதி வாங்கித்தான் வைத்தார்கள்" என்று பதில். எதற்கு அனுமதி? விளையாடவா, ஆணி அடிக்கவா? மண்ணைத் தோண்டாதே, பொதுச்சொத்தைச் சேதப்படுத்தாதே என்று அந்த விளையாட்டின் விதியே சொல்கிறது. "நாலு ஆணியில் மரம் செத்துவிடுமா?" என்கிறார் இன்னொருவர். நாலு நாலாக அடித்துத்தான் சாலையோர மரமெல்லாம் டியூஷன் போர்டையும் வீட்டுமனை விளம்பரத்தையும் சுமந்து நிற்கிறது. அதிகாரிகளின் ஜீப் தினமும் அவற்றைத் தாண்டித்தானே போகிறது?

கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த நம் வேலூர் வழக்கில்தான். ஆற்றுக்கு ஒரு நியாயம், மரத்துக்கு ஒரு நியாயமா? அனுமதி கொடுத்தவர்களும் ஆணி அடித்தவர்களும் தங்கள் செலவில் விவரம் தெரிந்த ஆளைக் கூட்டிவந்து ஆணியைப் பிடுங்கி, காயத்தைக் கவனிக்கட்டும். டப்பாவை ஒரு பெஞ்சுக்கு அடியில் வைத்தாலும் பிள்ளைகள் தேடத்தான் போகிறார்கள்.

புதன்கிழமை அதிகாரிகளிடம் மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்று காலையும் போய்ப் பார்த்தேன். நான்கு ஆணிகளும் அப்படியே இருக்கின்றன.

— ஓய்வுபெற்ற தோல் தொழிலாளி, ஆம்பூர்