பாடசாலைகள் மூடப்படும்போது மறக்கப்படும் பிள்ளைகள்

2025 நவம்பர் மாத இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. பல பாடசாலைக் கட்டடங்கள் வீடிழந்தோரின் தங்குமிடங்களாக மாறின. இதற்கு முன்னர் 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் தட்டுப்பாடு பாடசாலைகளை வாரக்கணக்கில் மூடவைத்தது. அதற்கும் முன்னர், 2020 மார்ச் மாதம் தொடங்கிய கொவிட் பெருந்தொற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் கல்வியைச் சீர்குலைத்தது. ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று தடவைகள் இவ்வாறு நிகழ்ந்திருக்கின்றன. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து மரநிழலில் பாடம் படித்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு இது புதிய அனுபவமும் அன்று. பாடசாலைகள் மூடப்படுவதை எப்போதோ ஒரு முறை நேரும் விபத்தாகக் கருதும் காலம் கடந்துவிட்டது என்றே கூறவேண்டும்.

இத்தகைய வேளைகளில் வீடே வகுப்பறையாகும் என அதிகாரிகள் இலகுவாகக் கூறிவிடுகின்றனர். ஆனால் அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், அவர்கள் எத்தகைய பிள்ளைகள் என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. உதாரணத்துக்கு, மூன்று பிள்ளைகளுள்ள ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிறாள். அடுத்தவன் புலமைப்பரிசில் வகுப்பில் இருக்கிறான். கடைக்குட்டிக்கு ஓட்டிசம். வீட்டில் இருப்பதோ ஒரேயொரு கைத்தொலைபேசி. காலை எட்டு மணிக்கு இருவருக்கும் சூம் வகுப்பு. அது யாருக்குக் கிடைக்கும்? பரீட்சை எழுதுபவளுக்கே என்று தாய் தீர்மானிப்பாள். கடைசிப் பிள்ளையைப் பற்றிய கேள்வியே அங்கு எழாது. ஏனெனில் அந்தப் பிள்ளைக்கென எவரும் வகுப்பு நடத்தவில்லை.

சாதாரண பாடசாலைகளில் இயங்கும் விசேட கல்வி அலகுகள் பாடத்தை மட்டும் புகட்டுவதில்லை. சீருடை அணிவதும், வாயிலைக் கடந்து உள்ளே செல்வதும், அறிந்த ஆசிரியையின் அருகே அமர்வதும் ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கல்வியின் பகுதிகளே. அந்த ஒழுங்கு ஒரே நாளில் அறுந்து போகும்போது, மாதக்கணக்கில் பழகிய பழக்கங்கள் கலைந்துவிடுகின்றன. செவிப்புலனற்ற பிள்ளைகளின் நிலை இன்னும் கொடியது. கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற விடுதிப் பாடசாலைகளில் சைகை மொழியில் உரையாடிப் பழகிய பிள்ளை, அம்மொழி அறியாத வீட்டுக்குத் திரும்பும்போது ஆசிரியரை மாத்திரமன்றிப் பேசும் துணையையும் இழக்கிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. குருகெதர தொலைக்காட்சிப் பாடங்கள் ஒளிபரப்பாகின. ஆசிரியர்கள் பலர் தமது சொந்தப் பணத்தில் டேட்டா வாங்கிக் கற்பித்தனர். எனினும் அக்காலத்தில் நாட்டின் நான்கிலொரு வீட்டிலேனும் மேசைக்கணினியோ மடிக்கணினியோ இருக்கவில்லை என்பது தொகைமதிப்புத் திணைக்களத்தின் ஆய்வுகளில் வெளியான உண்மை. பதுளை மாவட்டத்தின் கிராமமொன்றில் சமிக்ஞை தேடி மாணவர்கள் மலைப்பாறையில் ஏறிய காட்சியை உலகமே பார்த்தது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்கள் நிகழ்நிலைக் கற்பித்தலில் இருந்து விலகியபோது அந்த மெல்லிய இழையும் அறுந்தது. அவர்களது கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்கான விலையில் ஒரு பங்கைப் பிள்ளைகளும் செலுத்த நேர்ந்தது.

இவற்றையெல்லாம்விட நமது கவனத்துக்குரியது, பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்ட ஒழுங்குமுறையாகும். 2020 ஜூலை 6 ஆம் திகதி முதலில் அழைக்கப்பட்டவர்கள் தரம் 5, 11, 13 மாணவர்கள். அதாவது, பரீட்சை எழுதவிருந்தவர்கள். 2021 ஒக்டோபர் 21 ஆம் திகதி, 200 இற்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறக்கப்பட்டன. ஒரு முறை பரீட்சை அளவுகோலாகியது, மறுமுறை மாணவர் தொகை அளவுகோலாகியது. வீட்டில் கற்கவே இயலாத பிள்ளை யார் என்ற அளவுகோலை எவரும் கையில் எடுக்கவில்லை. விசேட கல்வி அலகுகளில் மாணவர் தொகை குறைவு. இடைவெளி பேணி அவற்றை இயக்குவது ஏனைய வகுப்புகளைவிட எளிதாக இருந்திருக்கும்.

உடல்நலம் குன்றிய பிள்ளைகளுக்குத் தொற்றின் ஆபத்து அதிகம் அல்லவா என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் விசேட தேவையுடைய பிள்ளைகள் அனைவரும் நோயாளிகள் அல்லர். யாரை அழைப்பது, யாரை வீட்டில் வைத்திருப்பது என்பதை மருத்துவரும் ஆசிரியரும் பெற்றோரும் கூடித் தீர்மானித்திருக்கலாம். அத்தகைய தீர்மானத்துக்கு இடமளிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை என்பதே நமது குறை.

1945 இல் இலவசக் கல்வியை ஏற்றுக்கொண்ட நாடு இது. 5 வயது முதல் 14 வயது வரை என 1998 இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி, 2016 இல் 16 வயது வரை நீடிக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 முதல் இருக்கிறது. அவர்களது உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும்படி பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் அரசு, பாடசாலையை மூடும்போது தனது கடமையையும் சேர்த்து மூடிவிட முடியாது.

செய்யவேண்டியவை பெருஞ்செலவு வேண்டுபவை அல்ல. ஒவ்வொரு விசேட தேவையுடைய பிள்ளைக்கும் அதன் ஆற்றல், பழக்கங்கள், வீட்டில் தொடரவேண்டிய பயிற்சிகள் ஆகியவற்றைத் தாய்க்குப் புரியும் தமிழில் எழுதிய ஒரு சிறு கோப்பு முன்கூட்டியே தயாராக இருத்தல் வேண்டும். பாடசாலை மூடப்பட்ட நாளிலிருந்து வாரம் ஒரு முறையாவது ஆசிரியர் தொலைபேசியில் பேசவேண்டும். பல பிள்ளைகளுள்ள வீடுகளுக்கு அச்சிட்ட செயலட்டைகள் சென்றடைய வேண்டும். சகோதரர்களின் நிகழ்நிலை வகுப்புகள் ஒரே நேரத்தில் மோதாதவாறு அதிபர்கள் நேரசூசி வகுக்கவேண்டும். மீளத் திறக்கும்போது விசேட கல்வி அலகுகள் முதல் வரிசையில் நிற்கவேண்டும். வலயக் கல்விப் பணிமனைகள் இவற்றை அடுத்த அனர்த்தம் வருமுன்னரே எழுத்தில் வைத்திருத்தல் அவசியம்.

பல வீடுகளில் அக்கா தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தாள். தாய்மார் இரவு அடுப்பை அணைத்த பின்னர் பிள்ளையின் கொப்பியைத் திறந்தார்கள். அவர்களது அர்ப்பணிப்பைப் பாராட்டுவது நல்லதே. ஆனால் பாராட்டு ஒருபோதும் திட்டமாகிவிடாது. மழையும் நோயும் மீண்டும் வரும், பாடசாலை வாயில்கள் மீண்டும் மூடப்படும். அன்றைய தினத்திலும் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிடும் பொறுப்பை ஒரு தாயின் தலையில் மாத்திரம் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கி நிற்கப் போகிறோமா என்பதைச் சம்பந்தப்பட்ட தரப்பினர் இப்போதே சிந்திக்க வேண்டும்.