சுழியமும் இன்மையும் ஒன்றா?



பினாங்கு சூலியா தெருவில், நாகூர் தர்கா அருகே, மாணவி ஒருத்தியின் தந்தை என்னை நிறுத்தினார். "சார், மகள் காய்ச்சலில் கிடந்தாள். எழுதாத தேர்வுக்குச் சுழியம் எப்படி வந்தது?" என்றார்.

அந்தச் சுழியத்தை இட்டவன் நான்தான். பள்ளியின் மதிப்பெண் பட்டியல் வெற்றிடத்தை ஏற்கவில்லை. அவசரத்தில் 0 என்று தட்டினேன். 80, 70, 90 ஆகியவற்றின் சராசரி 80. நான்காவதாக 0 சேர்ந்ததும் அது 60 ஆயிற்று. பிள்ளை பின்தங்கியோர் வரிசையில் நின்றாள்.

சுழியம் ஒரு மதிப்பு. இன்மை மதிப்பே இல்லாத நிலை. இவ்வேறுபாட்டைக் கணினி உலகமும் பட்டுத்தான் உணர்ந்தது. 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் வெற்றுச் சுட்டைப் புகுத்திய டோனி ஹோர், 2009இல் அதனைத் தம் நூறு கோடி டாலர் பிழை என்று தாமே வருந்தினார். ஒரு மதிப்பு இல்லாமற்போகலாம் என்பதை மொழி முன்கூட்டி உணர்த்தாததால் விளைந்த கேடு அது.

2014இல் வெளிவந்த சுவிஃப்ட் மொழி இதற்கு 'ஆப்ஷனல்' என்னும் வகையைக் கையாள்கிறது. எழுத்துத் தொடரை எண்ணாக மாற்றக் கேட்டால் அது வெறும் எண்ணைத் தராது. மூடிய பெட்டி ஒன்றைத் தரும். "80" எனக் கொடுத்தால் உள்ளே 80 இருக்கும். "வரவில்லை" எனக் கொடுத்தால் 'நில்' இருக்கும். திறந்து பாராமல் கூட்டவோ வகுக்கவோ இயலாது. இன்மையைக் குறிக்கும் அச்சொல் தமிழ்க் காதில் 'நின்று பார்' என ஒலிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கும் ஒரு குறுக்கு வழியுண்டு. இரண்டு வினாக்குறியும் ஒரு சுழியமும் (?? 0) இட்டால், 'இல்லையெனில் 0' என்று பொருள். நிரல் ஓடும், பொய்யும் சேர்ந்தே ஓடும். நான் செய்ததும் அதுவே.

வராதவருக்குச் சுழியம் இடாவிட்டால் மட்டம் போடுவோர் பெருகுவர் என்பார் சிலர். அப்படியன்று. இன்மையை இன்மையென்றே குறித்தால்தான் ஏன் வரவில்லை, மறுதேர்வு எப்போது என்னும் வினாக்கள் எழும். சுழியம் அவ்வினாக்களை மூடிவிடுகிறது.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. இன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் நிலையை ஆசிரியரின் மதிப்பீடே பெரிதும் உரைக்கிறது. பொறுப்பு நம் கையில்.

அத்தந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன், பட்டியலையும் திருத்தினேன். பெற்றோர்களே, அறிக்கையில் சுழியத்தைக் கண்டால் பிள்ளையை ஏசுமுன் ஆசிரியரைக் கேளுங்கள். ஆசிரியர்களே, தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவோம்.